வாரிசுக் கட்டத்தில் ஒரு கோடு

அந்தப் பட்டியல் அவ்வளவு அழகாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பத்தே வரி. ஆளுக்கு ஒரு வரி. பெயர், பதிந்த தேதி, கூப்பிட வேண்டிய நம்பர். அதைப் பிரிண்ட் எடுத்து நானே ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்த்து, "பரவாயில்லடி, நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு.

எனக்கு வேலை பிறை என்கிற ஊரில், ஒரு தொழிற்சாலையின் டேட்டாபேஸ் பிரிவில். தீவில் இருக்கிற கெலுகோரிலிருந்து தினமும் கடல் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய், எந்த மிஷினில் எந்தப் பொருள் எப்போது கெட்டது என்று எடுத்துச் சொல்வதுதான் பிழைப்பு. சனிக்கிழமைகளில் மட்டும் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் நடக்கிற டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவேன். தர்ம காரியமாக நடக்கிற இடம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் மிஷினோடு உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். நாற்காலிகள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. ஒரு நாற்காலி காலியாக வேண்டுமென்றால், யாருக்காவது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும். இல்லை, யாராவது ஊர் மாறிப் போக வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். காத்திருப்பவர்களின் பெயரை அவர் பல வருஷமாக ஒரு நீளமான நோட்டில் எழுதி வந்தார். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இதென்ன பாய், இந்தக் காலத்துல போய்! நான் செஞ்சு தர்றேன்" என்று வீறாப்பாகச் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

செய்தும் கொடுத்தேன், பாய் தன் நோட்டை விடாமல் எழுதி வந்தாலும். இரண்டு டேபிள். ஒன்றில் நோயாளிகள், இன்னொன்றில் அவர்களுடைய வாரிசுகள். நம் ஊரில் எந்த விண்ணப்பப் பாரத்திலும் வாரிசு என்று ஒரு கட்டம் இருக்குமே, ஆபத்து அவசரத்துக்குக் கூப்பிட, அதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு டேபிளையும் சேர்த்து, முதலில் பதிந்தவர்களில் பத்துப் பேரை மட்டும் ஒரு தாளில் எடுத்துத் தர வேண்டும். நாற்காலி காலியானால் பாய் அந்தத் தாளின் முதல் வரியில் இருப்பவரைக் கூப்பிடுவார். இவ்வளவுதான் விஷயம். தொழிற்சாலையில் நான் இதைவிட நூறு மடங்கு சிக்கலானதை டீ குடிக்கிற நேரத்தில் எழுதுகிறவள்.

போன வருஷம் ஆவணியில் முதல் பட்டியல் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருக்கும்போது பாய் போன் போட்டார்.

"தங்கச்சி, உங்க கம்ப்யூட்டர் ஒரே ஆளை நாலு ஆளாக்கிருச்சுலா."

"என்னா சொல்றீங்க பாய்?"

"நாலு வரியிலயும் அதே பெரியவர்தான். நான் பேரைப் பாக்கல, நம்பரைத்தான் பாத்தேன். ஒருத்தர் வரலன்னா அடுத்தவர் தயாரா இருக்கட்டும்னு நாலு நம்பருக்கும் போட்டுட்டேன். நாலு புள்ளைங்களும் எடுத்திருச்சுங்க. இப்ப யாரு அப்பாவைக் கூட்டிட்டு வர்றதுன்னு அங்க பெரிய சண்டை."

சிரித்துவிட்டேன். விஷயம் உடனே புரிந்துவிட்டது. நம் ஆட்கள் வாரிசுக் கட்டத்தில் ஒரு பெயரோடு நிறுத்துவார்களா? மூத்தவன் பெயரை எழுதி இளையவன் பெயரை விட்டால் அவன் தீபாவளிக்கு வீட்டுப் படி ஏற மாட்டான். மகளை விட்டால் மருமகனுக்குக் கோபம். அதனால் அத்தனை பேரையும் எழுதிவிடுவார்கள். இரண்டு டேபிளைச் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? இந்தப் பெயருக்கு அந்தப் பக்கம் எத்தனை ஆள் இருக்கிறார்களோ அத்தனை வரி போடும். நாலு பிள்ளை பெற்றவர் நாலு தடவை வருவார். அந்தத் தாளில் இருந்த பத்து வரியை வெறும் மூன்று பேர் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். ஒரே வரி ரெண்டு தடவை வந்தால் முதலில் ஏன் வந்தது என்று கேள். சேர்ப்பதற்கு முன் எத்தனை பேர், சேர்த்த பிறகு எத்தனை பேர் என்று எண்ணு. அதைவிட்டுவிட்டு, இரட்டை வந்ததை எல்லாம் ஒன்றாக்கு என்று ஒரு கட்டளையை மேலே போட்டு மூடாதே. ஒரு பெண்ணை இதற்காக அழ வைத்தே இருக்கிறேன்.

அந்த சனிக்கிழமை நான் என்ன செய்தேன்? அதைத்தான் செய்தேன். அவசரம். மத்தியானம் ஒரு கல்யாண விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு வரி, ஏதாவது ஒரு நம்பர் போதும் என்று ஒரு கட்டளை தட்டினேன். பட்டியல் பளிச்சென்று வந்தது. பத்து வரி, பத்து வேறு வேறு ஆள். பாய் சந்தோஷப்பட்டார். நான் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு விருந்துக்குப் போனேன்.

நிலையத்திலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு டோபிக் கடை இருக்கிறது. என் புடவைகளை அங்கேதான் கொடுப்பேன். அங்கே இஸ்திரி போடுகிற அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. அதிகம் பேச மாட்டார், ஆனால் புடவை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அவருக்கும் சிறுநீரகக் கோளாறு. எங்கள் நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அதுவரை பெரிப் படகு ஏறி அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடித்து இன்னொரு நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் போய் வந்தார். அங்கேயும் தற்காலிக இடம்தான், எப்போது இல்லை என்று சொல்வார்களோ தெரியாது. எங்கள் மிஷின் ஓடுகிற சத்தம் அவர் கடை வாசலுக்குக் கேட்கும். ஆனால் அவர் கடல் தாண்டிப் போய் வர வேண்டும்.

நான் நிலையத்து ஆள் என்று தெரிந்ததிலிருந்து, புடவை வாங்கப் போகும்போதெல்லாம் கேட்பார்.

"தங்கச்சி, என் பேரு வந்துச்சா?"

நான் கைப்பேசியில் அந்த வாரத்துப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். பத்துப் பெயரில் அவர் பெயர் இருக்காது. "முதல் பத்துல இல்லக்கா. நீள லிஸ்ட்டுலா. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பேன். பெரிய அதிகாரி மாதிரி. அவர் "சரி தங்கச்சி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார். மாதக்கணக்கில் இதே கேள்வி, இதே பதில். ஒரு கட்டத்தில் எனக்குச் சலிப்பே வந்துவிட்டது. எத்தனை தடவை சொல்வது என்று மனசுக்குள் முனகியிருக்கிறேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தீபாவளியன்று கட்ட ஒரு பட்டுப் புடவையைக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை நிலையத்தில் பட்டியல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் புடவை வாங்கப் போனேன். அக்கா அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார், ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை நின்றது. இஸ்திரிப் பெட்டி அப்படியே புடவை மேல் உட்கார்ந்துவிட்டது. கருகிய வாடை வந்த பிறகுதான் தூக்கினார். முந்தானையில் பழுப்பாக ஒரு தடம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"என்னாக்கா இது! கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? தீபாவளிப் புடவைக்கா!"

கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அக்கா பெட்டியை ஓரமாக வைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இடது கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது, அதில் காய்ந்த ரத்தம்.

"நேத்து போய் வந்ததுலேர்ந்து காலு நிக்கல தங்கச்சி. பெரியில எறங்கும்போதே தலை சுத்திருச்சு. எப்பவும் ஒரு நாள் படுத்தா சரியாயிரும். இந்தத் தடவை ஆகல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அங்க அடுத்த மாசத்தோட எடம் இல்லன்னுட்டாங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டேன், அவர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். "எப்பக்கா பேரு கொடுத்தீங்க?" என்று கேட்டேன். சும்மா வாயில் வந்த கேள்வி.

இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. எங்கள் நிலையத்தின் பதிவுச் சீட்டு, பாயின் கையெழுத்து. தேதி இந்த வருஷத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் என் கையால் எடுத்துக் கொடுத்த தாளில் முதல் வரியில் இருந்தவர் சித்திரை மாதம் பதிந்தவர். தைப்பூசத்துக்கு அப்புறம் வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு, சித்திரைக்காரர்கள் வரைக்கும் வந்தாயிற்று. இவர் எங்கே?

சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், கருகிய புடவையைக் கையில் சுருட்டிக்கொண்டு, கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில். பாய் டீயும் கையுமாக என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார். நான் அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சீட்டில் இருந்த பதிவு எண்ணைத் தட்டினேன். நோயாளிகள் டேபிளில் அவர் இருந்தார். பெயர், வயது, கைப்பேசி நம்பர், டோபிக் கடை முகவரி, தைப்பூசத்துக்கு முந்தின வாரத்துத் தேதி, எல்லாம் சரியாக. பட்டியலைப் பத்து வரியோடு நிறுத்தாமல் முழுக்க எடுத்துத் தேடினேன். இல்லை. கடைசி வரி வரை போனேன். இல்லவே இல்லை.

பாயைக் கை காட்டிக் கூப்பிட்டேன்.

"பாய், இந்த அக்காவுக்கு வாரிசுக் கட்டத்துல என்னா போட்டீங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். "அது தனிக்கட்டைமா. புருஷன் இல்ல, புள்ளகுட்டி இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்லன்னு சொல்லிச்சு. நோட்டுல ஒரு கோடு போட்டேன். உங்க கம்ப்யூட்டர் நம்பர் கட்டம் கோடு எடுக்க மாட்டேன்னுருச்சு. சரின்னு அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிட்டேன்லா."

வாரிசு டேபிளில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. நான் எழுதின சேர்ப்பு, இரண்டு பக்கமும் இருப்பவர்களை மட்டும்தான் எடுக்கும். நாலு பிள்ளை இருந்தால் நாலு வரி. ஒரு பிள்ளை இருந்தால் ஒரு வரி. யாருமே இல்லை என்றால்? வரியே இல்லை. ஆளே இல்லை. நான் நாலை ஒன்றாக்குவதில் குறியாக இருந்தேன், ஒன்று ஒன்றுமில்லாமல் போனதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை வைத்திருந்தால், அக்கா பதிந்த வாரமே நோட்டில் ஒரு எண்ணிக்கையும் பட்டியலில் வேறு எண்ணிக்கையுமாக இடித்திருக்கும். அரை நிமிஷ வேலை. எனக்குக் கல்யாண விருந்து.

வாரிசு இல்லாதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று தேடினேன். ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் பிந்திப் பதிந்தவர்கள், அவர்களுடைய முறை இன்னும் வரவில்லை. தாண்டிப் போகப்பட்டவர் அக்கா ஒருவர்தான். அவரைத் தாண்டி நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் நாற்காலி பங்குனியில் போயிருந்தது. பங்குனியிலிருந்து அவர் வாரம் மூன்று தடவை கடல் தாண்டியது முழுக்க என்னால்தான்.

"இப்ப ஒரு நாற்காலி கொடுக்க முடியாதா பாய்?"

"கொடுத்தவங்ககிட்டேர்ந்து எப்படிமா புடுங்குறது? அவங்களும் நோயாளிங்கதானே." அவர் குரலும் இறங்கிவிட்டது. "அடுத்தது காலியானா அதுக்குத்தான். நான் பொறுப்பு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிருவோம் தங்கச்சி. அது ஒண்ணும் கேக்காது" என்றார்.

என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் அதைத்தான் சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டே அந்த இரண்டு கடைத் தூரத்தை நடந்தேன். கம்ப்யூட்டர் கோளாறு. யார் கேட்கப் போகிறார்கள்?

அக்கா எழுந்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த புடவையைப் பார்த்து, "கறையைப் போக்க ஏதாச்சும் செய்யப் பாக்குறேன் தங்கச்சி, கோச்சுக்காதீங்க" என்றார். அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன். நடுக்கடையில் நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் பெயர் லிஸ்ட்டில் இருந்ததே இல்லை. வாரிசு இருப்பவர்கள் பெயர் மட்டும்தான் வரும்படி நான் எழுதிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன். உங்களுக்கு பங்குனியிலேயே வந்திருக்க வேண்டும்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"நான் நெனச்சேன்" என்றார்.

"என்னாக்கா?"

"அந்தப் பாரத்துல வாரிசுன்னு கேட்டப்பவே நெனச்சேன். ஆளு இல்லாதவ பேரை யாரு கூப்பிடப் போறான்னு. நீங்க ஒவ்வொரு தடவையும் முதல் பத்துல இல்லன்னு சொல்லும்போது, அட, நாமதான் தப்பா நெனச்சிட்டோம், பேரு இருக்கு, பின்னால இருக்குன்னு மனச தேத்திக்குவேன்." குரல் ஏறவே இல்லை. "அப்ப நான் நெனச்சதுதான் சரி."

அவர் மனசுக்குள் பயந்த அதே காரியத்தை நான் வரி பிசகாமல் எழுதி, வாரா வாரம் தாளில் எடுத்துக் கொடுத்து, அவர் கேட்கிறபோதெல்லாம் அது அப்படியில்லை என்று வேறு சொல்லியிருக்கிறேன். சாமி சத்தியமாக அந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

திரும்பி வந்து முழுவதையும் அழித்துவிட்டு எழுதினேன். முதலில் ஒவ்வொருவருக்கும் முதல் வாரிசு ஒருவரை மட்டும் தனியாக எடுத்துவைத்தேன், அதனால் இரட்டை வர வழியே இல்லை. பிறகு நோயாளிகள் டேபிளை இடப்பக்கம் வைத்து, அந்தப் பக்கம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கத்தில் ஒருவரையும் விடாதே, வாரிசு இல்லாவிட்டால் அவருடைய சொந்த நம்பரையே போடு என்று எழுதினேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். திரையில் எண்ணினேன். ஒத்துப்போனது. மறுபடி எண்ணினேன். பாய் டீயை ஆற விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து எண்ணினார்.

நாலு மணிக்கு டோபிக் கடை மூடியதும் அக்கா வந்தார். என் கண்ணால் பார்க்கணும் என்றார். புதுப் பட்டியல் பிரிண்டரில் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை. யோசனை என்ன, குற்றவுணர்ச்சிதான்.

"பாய், அக்காவோட வாரிசுக் கட்டத்துல என் நம்பரைப் போட்டுருங்க. இனிமே நான் இருக்கேன்."

"வேணாம் தங்கச்சி" என்றார் அக்கா உடனே.

"ஏன்க்கா? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லக்கா, நெசமா."

"உங்களுக்குக் கஷ்டமில்ல. ஆனா உங்க நம்பரைப் போட்டா, உங்களாலதான் என் பேரு வந்துச்சுன்னு ஆயிரும். இப்ப அந்தக் கம்ப்யூட்டர் சரியாயிருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? விடுங்க. யாரும் இல்லாமலே வருதான்னு பாப்போம்."

பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் வேலையை இவ்வளவு சரியாகச் சோதித்துப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. பாய் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். முதல் வரி. பெயர், தேதி, அவருடைய சொந்த நம்பர். வாரிசு என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை. அக்கா அந்த வெற்றிடத்தைப் பார்க்கவே இல்லை. தன் பெயர் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார். அந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பாய் இன்னொன்று பிரிண்ட் எடுத்தார்.

அதற்கப்புறம் இருந்த வாரங்கள் எனக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. வேலையில் உட்கார்ந்தால் பெரி நினைவு வரும். பாலத்தில் போகும்போது கீழே கடலைப் பார்க்கப் பயமாக இருந்தது. தீபாவளிக்கு நான் அந்தப் புடவையைத்தான் கட்டினேன், முந்தானையில் பழுப்புத் தடத்தோடு. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று பார்த்தேன், எல்லோரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

தீபாவளி கழிந்த வாரம் ஒரு நாற்காலி காலியானது. அந்த நாலு பிள்ளைக்காரப் பெரியவரைக் கோலாலம்பூரில் இருக்கிற இளைய மகள் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை, நான் அங்கேதான் இருந்தேன். பாய் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார்.

ஒரே ஒரு நம்பருக்குத்தான் போன் போட வேண்டியிருந்தது. அக்காவே எடுத்தார்.